குழந்தைப்பருவப் புற்றுநோய்க்குப் பின் தோன்றும் இரண்டாம் புற்றுநோய்

இரண்டாம் புற்றுநோய் என்பது, ஒருமுறை புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு, முதல் நோயின் தொடர்ச்சியாக இல்லாமல் புதிதாகத் தோன்றும் வேறொரு புற்றுநோய் ஆகும். எந்த வயதில் சிகிச்சை பெற்றவருக்கும் இது ஏற்படலாம். எனினும் சிறுவயதில் நோய் வந்து குணமடைந்தோரிடமே இதன் தாக்கம் மிகுதியாகக் காணப்படுகிறது. முதல் நோயை அழித்த கதிர்வீச்சும் மருந்துகளுமே பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன. பிறவியிலேயே உள்ள மரபணுக் குறைபாடு சிலரிடம் காரணமாகிறது. வேறு சிலரிடம் இவை இரண்டும் சேர்ந்து செயற்படுகின்றன.

இவ்விடர் அறியப்பட்டதன் விளைவாகக் குழந்தைகளுக்கான புற்றுநோய்ச் சிகிச்சை கடந்த ஐம்பது ஆண்டுகளில் வெகுவாக மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. முற்காலச் சிகிச்சையைப் பெற்றுக் குணமடைந்தவர்கள் இன்று நாற்பது, ஐம்பது, அறுபது வயதினராக வாழ்கின்றனர். தமக்குச் சிறுவயதில் என்ன சிகிச்சை அளிக்கப்பட்டது என்பதை அவர்களுள் பலர் அறியார்.

பெயர்க் குழப்பம்

தமிழில் இச்சொல்லைச் சற்றுக் கவனத்துடன் கையாள வேண்டியுள்ளது. ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று செய்திகள் நாளிதழ்களிலும் பேச்சு வழக்கிலும் ஏறத்தாழ ஒரே பெயரால் குறிக்கப்படுகின்றன. புற்றுநோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் காட்டும் நான்கு நிலைகளுள் இரண்டாவது, 'இரண்டாம் நிலைப் புற்றுநோய்' எனப்படுகிறது. முதல் கட்டியிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் நுரையீரல், கல்லீரல் போன்ற வேறிடங்களில் சென்று வளர்வதும் சில நேரங்களில் அவ்வாறே அழைக்கப்படுகிறது. இதற்கு மாற்றிடம் புகல் என்பதே பொருத்தமான சொல். மூன்றாவது, இக்கட்டுரையின் பொருளாகிய புதிய புற்றுநோய்.

நுண்ணோக்கியில் காணும்போதும் மரபணுச் சோதனையிலும் இவை வேறுபடுகின்றன. சிறுவயதில் சிறுநீரகக் கட்டிக்குச் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு முப்பது வயதில் மார்பகத்தில் கட்டி தோன்றினால், அக்கட்டியில் இருப்பவை மார்பக உயிரணுக்களே. பழைய நோய் திரும்பவில்லை. ஆகவே பழைய நோய்க்குரிய மருத்துவம் இதற்குப் பயன்படாது.

குணப்படுத்தலும் அதன் விலையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, குழந்தைகளுக்கு வரும் கடும் நிணநீரணுக் குருதிப் புற்றுநோய் சில மாதங்களில் உயிரைப் பறிக்கும் நோயாக இருந்தது. 1948-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, நோய் தற்காலிகமாக அடங்குவதைக் காட்டினார். அதன் பின்னர் மேலும் பல மருந்துகள் கண்டறியப்பட்டன. ஆயினும் குழந்தைகள் பிழைக்கவில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து மறைந்த நோய், மருந்துகள் எளிதில் சென்றடைய முடியாத மூளை உறைகளில் தங்கி மீண்டும் தலைதூக்கியது.

மெம்பிசு நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை 1962-ல் திறக்கப்பட்டது. அங்கு டொனால்ட் பிங்கெல் தலைமையிலான குழுவினர் 1960-களின் இறுதியில் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். பல மருந்துகளை ஒருசேரக் கொடுத்ததுடன், குழந்தையின் தலை முழுவதற்கும் 24 கிரே கதிர்வீச்சும் அளித்தனர். கிரே என்பது திசு ஏற்கும் கதிர்வீச்சு ஆற்றலை அளக்கும் அலகு. இம்முறையில் சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நிலையாகக் குணமடைந்தனர். பத்தில் ஒரு குழந்தைகூடப் பிழைக்காத நோயில் இது பெரும் பாய்ச்சல்.

இக்குழந்தைகளுள் சிலருக்குப் பின்னாளில் மூளையில் கட்டிகள் தோன்றின. 24 கிரே கொடுத்த மருத்துவர்களைக் குறை கூறுவதற்கு இதில் இடமில்லை. அவர்கள் முன் இருந்த மாற்று வழி சாவு ஒன்றே. மேலும், இருபது ஆண்டுகள் கழித்து வரும் தீங்கைக் காண வேண்டுமெனில், நோயுற்றவர் இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்தாக வேண்டும்.

சிகிச்சைக்கான கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்கலாம் என்பது அதற்கு முன்பே வேறு வழியில் தெரியவந்திருந்தது. 1920-களிலும் 30-களிலும், தைமசு சுரப்பி பெரிதாக இருப்பதாகக் கருதப்பட்ட நலமான கைக்குழந்தைகளின் கழுத்துக்கும் மார்புக்கும் கதிர்வீச்சு அளிக்கும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. தைராய்டு புற்றுநோய் வந்த சிறுவர்களை ஆராய்ந்து 1950-ல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கைக்குழந்தைகளாக இருந்தபோது இக்கதிர்வீச்சைப் பெற்றிருந்தனர் எனக் காட்டியது. இசுரேலில் 1948-க்கும் 1960-க்கும் இடையே தலைப்படர்தாமரைக்காக, குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான சிறுவர்களின் தலையில் கதிர்வீச்சு செலுத்தப்பட்டது. மூளையை அடைந்த அளவு ஏறத்தாழ 1.5 கிரே மட்டுமே. இருந்தும் அவர்களிடம் மூளையுறைக் கட்டிகள் பின்னாளில் பன்மடங்கு மிகுந்தன.

அமெரிக்காவில் குழந்தைகளின் சிறுநீரகக் கட்டியாகிய வில்ம்சு கட்டிக்கான பல மருத்துவமனைக் கூட்டாய்வை வழிநடத்திய கதிர்வீச்சு மருத்துவர் ஜூலியோ டாஞ்சியோ, குழந்தையைக் குணப்படுத்துவதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை என 1975-ல் எழுதினார். அதன் பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அந்த வழியிலேயே சென்றன.

கதிர்வீச்சினால் தோன்றுபவை

கதிர்வீச்சு உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. இரு இழைகளும் ஒரே இடத்தில் அறுபட்டால் உயிரணு பெரும்பாலும் இறந்துவிடும். சிகிச்சையின் நோக்கமும் அதுவே. கதிர்வீச்சின் வழியில் அமைந்த நலமான உயிரணுக்களுள் சில, அறுந்த முனைகளைத் தவறாக ஒட்டிக்கொண்டு உயிர் பிழைக்கின்றன. அப்பிழை அவ்வுயிரணுவின் எல்லா வழித்தோன்றல்களுக்கும் கடத்தப்படுகிறது. அவற்றுள் ஒன்றில் மேலும் சில பிழைகள் சேரும்போது புற்றுநோய் தொடங்குகிறது. இதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். எழுபது வயதில் கதிர்வீச்சு பெறும் ஒருவருக்கு அத்தனை ஆண்டுகள் எஞ்சியிருப்பது அரிது. ஐந்து வயதுக் குழந்தைக்கோ வாழ்நாள் முழுவதும் எஞ்சியிருக்கிறது. வளரும் திசுக்களில் உயிரணுப் பிரிவு விரைவாக நடைபெறுவதும் குழந்தைகளின் இடரைக் கூட்டுகிறது.

இவ்வகைக் கட்டிகள் பெரும்பாலும் கதிர்வீச்சு செலுத்தப்பட்ட பகுதியிலோ அதன் ஓரத்திலோ தோன்றும். ஆகவே கதிர்வீச்சு எங்குப் பாய்ந்தது என்பதை அறிந்தால், பின்னாளில் எந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அறியலாம்.

இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு ஹாட்ச்கின் நிணநீர்ப் புற்றுநோய். வளரிளம் பருவத்தினரிடம் காணப்படும் இந்நோய்க்கு 1960-களிலும் 70-களிலும் கழுத்து, அக்குள், மார்பு ஆகிய பகுதிகளுக்கு ஒருசேரக் கதிர்வீச்சு செலுத்தப்பட்டது. செலுத்தப்படும் பரப்பு மேலங்கியின் வடிவில் அமைந்ததால் அது மேலங்கிப் புலம் எனப்பட்டது. அளவு 35 முதல் 45 கிரே வரை இருந்தது. நோய் குணமாயிற்று. ஆனால் இதயம், நுரையீரல், தைராய்டு, மார்பகம் ஆகியவை அனைத்தும் அப்புலத்தினுள் அடங்கியிருந்தன.

இந்நோய்க்குச் சிகிச்சை பெற்ற 1,380 சிறுவர் சிறுமியரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1996-ல் வெளியாயிற்று. பொது மக்களோடு ஒப்பிடுகையில் அப்பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ 75 மடங்கு மிகுதியாக இருந்தது. நாற்பது வயதை அடைவதற்குள் அவர்களுள் 35 விழுக்காட்டினருக்கு இந்நோய் வரக்கூடும் என அவ்வாய்வு மதிப்பிட்டது. பின்னர் 2014-ல் வெளியான விரிவான கணக்கீட்டின்படி, சிறுவயதில் மார்புக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு ஐம்பது வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் பிறவிக் குறைபாடு உள்ள பெண்களின் இடருக்கு இது ஏறத்தாழ நிகரானது. மரபுவழி இடர் உடைய பெண்களைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். அதே அளவு இடரைச் சிகிச்சையால் பெற்ற பெண்களைப் பற்றி மருத்துவர்களுள்ளும் பலர் அறிந்திருப்பதில்லை.

வில்ம்சு கட்டி நுரையீரலுக்குப் பரவியபோது இரு நுரையீரல்களுக்கும் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. அளவு 10 முதல் 14 கிரே மட்டுமே என்றாலும், மார்பகத் திசு முழுவதும் அதற்கு உட்பட்டதால் அப்பெண்களிடமும் இடர் உயர்ந்தே காணப்படுகிறது. அளவோடு பரப்பும் முக்கியமானது என்பதை இது உணர்த்துகிறது. சூலகங்களும் கதிர்வீச்சுக்கு உள்ளாகிச் செயலிழந்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் குறைவாகவே வருகிறது. சேதமுற்ற உயிரணுக்களை வளரத் தூண்டும் இயக்குநீர் அங்கு சுரக்காததே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

தைராய்டு சுரப்பியின் நிலை சற்று வேறானது. பிற உறுப்புகள் பலவற்றில் அளவு கூடக் கூட இடரும் கூடுகிறது. தைராய்டிலோ ஏறத்தாழ 20 கிரே வரை இடர் ஏறி, 30 கிரேவைத் தாண்டியதும் இறங்கத் தொடங்குகிறது. மிகுந்த அளவு கதிர்வீச்சில் உயிரணுக்கள் பிழையோடு பிழைத்திருப்பதற்கு மாறாக முற்றிலும் இறந்துவிடுகின்றன என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். தைராய்டில் தோன்றும் இரண்டாம் புற்றுநோய் பெரும்பாலும் அறுவையால் குணமாகக்கூடியது.

மூளையில் இருவகைக் கட்டிகள் தோன்றுகின்றன. கிளையோமா எனப்படும் கடுமையான வகை, முதல் நோய்க்குப் பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளிலும், பொதுவாகத் தீங்கு குறைந்த மூளையுறைக் கட்டி ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளிலும் வெளிப்படுவதாக வட அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இவற்றைத் தவிர எலும்பு, மென்திசு, தோல், பெருங்குடல் ஆகியவற்றிலும் கதிர்வீச்சினால் புற்றுநோய் வருகிறது.

மருந்துகளால் தோன்றுபவை

வேதிச்சிகிச்சை மருந்துகளால் தோன்றும் இரண்டாம் புற்றுநோய்களுள் முதன்மையானது கடும் மச்சையணுக் குருதிப் புற்றுநோய். இது விரைவில் வருவது. பத்தாண்டுகளுக்குள் வராவிடில் பின்னர் வருவது அரிது. இது இரு வழிகளில் தோன்றுகிறது.

முதல் வழி, அல்கைலேற்றும் மருந்துகளால் ஏற்படுவது. மசுட்டீன், புரோகார்பசின், சைக்ளோபாசுபமைடு போன்றவை இவ்வகையின. இவை டி.என்.ஏ.-வில் நேரடியாக ஒட்டிக்கொண்டு அதனைச் சிதைக்கின்றன. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில், முதலில் குருதியணு உற்பத்தி குன்றி, பின் அது குருதிப் புற்றாக மாறுகிறது. 5-ஆம், 7-ஆம் நிறப்புரிகளில் இழப்பு காணப்படும்.

இரண்டாவது வழி, எட்டோபொசைடு, டெனிபொசைடு ஆகிய மருந்துகளால் ஏற்படுவது. இவை டோபோஐசோமெரேசு-2 என்னும் நொதியைத் தடுப்பவை. டி.என்.ஏ.-வின் முறுக்கைத் தளர்த்த அந்நொதி இழைகளை வெட்டி மீண்டும் ஒட்டுகிறது. மருந்து அந்த ஒட்டும் வேலையைத் தடுத்துவிடுவதால், 11-ஆம் நிறப்புரியின் ஒரு குறிப்பிட்ட பகுதி வேறு நிறப்புரியோடு தவறுதலாக இணைந்துகொள்கிறது. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளிலேயே, முன்னறிகுறி ஏதுமின்றி நோய் வெளிப்படும்.

இங்கு மருந்தின் அளவோடு, அது எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கொடுக்கப்பட்டது என்பதும் பொருட்படுத்தத்தக்கதாக அமைந்தது. 1991-ல் வெளியான செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆய்வில், இம்மருந்துகளை வாரம் ஒருமுறையோ இருமுறையோ பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ 12 விழுக்காட்டினருக்கு ஆறு ஆண்டுகளில் இந்நோய் வரும் என மதிப்பிடப்பட்டது. வேறு கால இடைவெளிகளில் பெற்றோரிடமோ மருந்தே பெறாதோரிடமோ இது இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவு. மருந்தைக் கைவிடாமல், கொடுக்கும் அட்டவணையை மாற்றுவதன் வாயிலாகவே பெரும்பகுதி இடரைக் குறைக்க முடிந்தது.

அதே மருத்துவமனையில் 1999-ல் வெளியான மற்றோர் ஆய்வு, மருந்தும் கதிர்வீச்சும் ஒன்றையொன்று வலுப்படுத்துவதைக் காட்டியது. குருதிப் புற்றுநோய்க்கான ஒரு திட்டத்தில், மெர்காப்டோபியூரின் போன்ற மருந்துகளை முனைப்பாகக் கொடுக்கும் காலத்திலேயே தலைக்குக் கதிர்வீச்சும் அளிக்கப்பட்டது. கதிர்வீச்சு பெற்ற 52 குழந்தைகளுள் 6 பேருக்கு மூளைக் கட்டி தோன்றியது. எதிர்பாராத இம்மிகுதிக்குக் காரணம் தேடியபோது, மெர்காப்டோபியூரினைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருந்த குழந்தைகளிடம் இடர் மிகுந்திருப்பது தெரிந்தது. பிறருக்கு உரிய மருந்தளவு அவர்களின் உடலில் பன்மடங்கு செறிவடைந்திருந்தது. இன்று இந்நொதிக்கான மரபணுவைச் சோதித்து மருந்தளவைத் தீர்மானிப்பது பல மருத்துவமனைகளில் வழக்கமாகியுள்ளது.

டாக்சோரூபிசின் முதலிய ஆந்த்ராசைக்ளின் மருந்துகள் இதயத்தைப் பாதிப்பவை என்றே நெடுங்காலம் அறியப்பட்டிருந்தன. மார்புக் கதிர்வீச்சு பெறாத பெண்களிடமும் அவை மார்பகப் புற்றுநோய் இடரைக் கூட்டுகின்றன என்பது அண்மைக்கால ஆய்வுகளின் முடிவு.

விழித்திரைப் புற்றுநோய்: மரபும் கதிர்வீச்சும்

ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. குழந்தையின் கண்மணியில் வெண்ணிற ஒளி தெரிவது இதன் முதல் அறிகுறி. ஒளிப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெண்மையாகவும் தெரிவதைக் கண்டு பெற்றோரே இதனைக் கண்டறிவதும் உண்டு.

1971-ல் ஆல்பிரட் நட்சன் இந்நோயுற்ற 48 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கருதுகோளை வெளியிட்டார். புற்றுநோய் தோன்ற ஓர் உயிரணுவில் இரு அடிகள் விழ வேண்டும். இரு கண்களிலும் நோய் வரும் குழந்தைகள் முதல் அடியைப் பிறவியிலேயே உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் பெற்றுள்ளனர். எஞ்சியது ஓர் அடி மட்டுமே. 13-ஆம் நிறப்புரியிலுள்ள இம்மரபணு 1986-ல் பிரித்தெடுக்கப்பட்டு ஆர்.பி.1 எனப் பெயரிடப்பட்டது. உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதைத் தடுக்கும் மரபணுக்களுள் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது இதுவே.

மரபுவழி வகை உள்ள குழந்தையின் கண்ணைக் காக்க வேண்டி வெளியிலிருந்து கதிர்வீச்சு செலுத்தும்போது, கண்குழி எலும்பு, மூக்கெலும்பு, நெற்றித் திசு ஆகியவையும் அதனைப் பெறுகின்றன. அவ்வுயிரணுக்கள் அனைத்திலும் ஏற்கெனவே ஓர் அடி விழுந்துள்ளது. கதிர்வீச்சு மற்றதைக் கொடுத்துவிடுகிறது. பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் சிகிச்சை பெற்றோரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2005-ல் வெளியிட்ட கணக்கின்படி, மரபுவழி வகையினருள் ஐம்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினருக்கு வேறொரு புற்றுநோய் வந்தது. மரபுவழி அல்லாத வகையினரிடம் இது 6 விழுக்காட்டிற்கும் குறைவு. மரபுவழி வகையினருள் கதிர்வீச்சு பெறாதவர்களிடமும் இது ஏறத்தாழ 21 விழுக்காடாக இருந்தது. தொடை எலும்பு போன்ற தொலைவிலுள்ள இடங்களிலும் இவர்களுக்கு எலும்புப் புற்று வருகிறது. எனவே கதிர்வீச்சை மட்டும் காரணமாகக் கொள்ள இயலாது.

பிறந்த முதலாண்டிலேயே கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளிடம் இடர் மேலும் மிகுந்தது. இதன் விளைவாக 1990-களின் நடுப்பகுதியிலிருந்து, முதலில் மருந்துகளால் கட்டியைச் சுருக்கி, பின் லேசர் கதிராலும் குளிரூட்டியும் அழிக்கும் முறை பரவியது. 2006 முதல் நியூயார்க்கில், கண்ணுக்குச் செல்லும் தமனியினுள் மெல்லிய குழாய் செலுத்தி மருந்தை நேரடியாகக் கொடுக்கும் முறையும் கையாளப்படுகிறது. நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டால் இவை பயன்படா. அப்போது கண்ணை அகற்றுவதே உயிரைக் காக்கும். கண்ணை எவ்வாறேனும் காப்பாற்றித் தருமாறு வேண்டும் பெற்றோருக்கு, ஒற்றைக் கண்ணில் முற்றிய நோய்க்குக் கண்ணை அகற்றிவிட்டால் கதிர்வீச்சும் அதன் பின்விளைவும் பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றன என்பதை எடுத்துரைப்பது மருத்துவரின் கடினமான பணிகளுள் ஒன்று.

மரபணு இடரை வேறு சில நோய்த்தொகுதிகளும் தருகின்றன. 1969-ல் பிரெடரிக் லீ, ஜோசப் பிராமேனி ஆகியோர் விவரித்த லீ-பிராமேனி நோய்த்தொகுதியில், பி53 என்னும் புரதத்திற்கான மரபணு பிறவியிலேயே பழுதடைந்துள்ளது என்பது 1990-ல் கண்டறியப்பட்டது. இத்தகையோருக்கு வேறு வழி இருக்கும்போது கதிர்வீச்சு தவிர்க்கப்படுகிறது. செயின்ட் ஜூட் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வாழும் 3,006 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 5.8 விழுக்காட்டினரிடம் புற்றுநோய்க்கு ஏதுவான பிறவிக் குறைபாடு காணப்பட்டது. ஆகவே இரண்டாம் புற்றுநோய் பெற்றோருள் பெரும்பாலோரிடம் இத்தகைய அறியப்பட்ட குறைபாடு இருப்பதில்லை.

இடரின் அளவு

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1994-ல் தொடங்கப்பட்ட குழந்தைப்பருவப் புற்றுநோயில் உயிர்பிழைத்தோர் ஆய்வு, இத்துறையின் முதன்மையான தரவு மூலம். 1970-க்கும் 1986-க்கும் இடையே நோய் கண்டறியப்பட்டு, குறைந்தது ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்த 14,000-க்கும் மேற்பட்டோர் இதில் முதலில் சேர்க்கப்பட்டனர். முதல் நோய் கண்டறியப்பட்ட முப்பது ஆண்டுகளுக்குள் அவர்களுள் 7.9 விழுக்காட்டினருக்குக் கொடிய இரண்டாம் புற்றுநோய் வந்தது. இது அதே வயதுப் பொது மக்களிடம் எதிர்பார்க்கப்படுவதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. எளிதில் குணமாகும் தோல் புற்றுநோய்களும் மூளையுறைக் கட்டிகளும் இக்கணக்கில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் விழுக்காடு இருபதைத் தாண்டும்.

'ஆறு மடங்கு' என்பதைப் படிக்கும் மாணவர் இங்குச் சற்று நிதானிக்க வேண்டும். இளவயதில் புற்றுநோய் பொதுவாக அரிது. அரிதான ஒன்று ஆறு மடங்கானாலும், முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேருக்கு அது வரவில்லை. அதே வேளையில், முப்பது ஆண்டுகளோடு கணக்கு முடிவதும் இல்லை. 17,981 பேரைப் பின்தொடர்ந்து 2011-ல் வெளியான பிரித்தானிய ஆய்வில், நாற்பது வயதைக் கடந்தோரிடம் குடல், சிறுநீர்ப்பாதை, இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றின் புற்றுநோய்கள் முன்னிலை பெறுவது தெரிந்தது.

சிகிச்சையில் ஏற்பட்ட மாற்றம்

வட அமெரிக்க ஆய்வில் பின்னர் 1999 வரை நோய் கண்டறியப்பட்டோரும் சேர்க்கப்பட்டதால், மூன்று பத்தாண்டுகளின் சிகிச்சையை ஒப்பிட முடிந்தது. 1970-களில் 77 விழுக்காட்டினர் கதிர்வீச்சு பெற்றிருந்தனர். 1990-களில் இது 33 விழுக்காடாகக் குறைந்தது. பதினைந்து ஆண்டுகளில் கொடிய இரண்டாம் புற்றுநோய் வந்தோரின் பங்கு 2.1 விழுக்காட்டிலிருந்து 1.3 விழுக்காடாக இறங்கியதாக 2017-ல் அறிவிக்கப்பட்டது. இதே காலத்தில் குணமடைவோரின் எண்ணிக்கை உயர்ந்தது.

குருதிப் புற்றுநோயில் தலைக்கான கதிர்வீச்சு 24 கிரேவிலிருந்து 18 ஆகவும் பின்னர் 12 ஆகவும் குறைக்கப்பட்டது. 2009-ல் வெளியான செயின்ட் ஜூட் ஆய்வில் 498 குழந்தைகளுள் எவருக்கும் தொடக்கச் சிகிச்சையில் தலைக் கதிர்வீச்சு அளிக்கப்படவில்லை. மருந்தைத் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்துவது அதன் இடத்தைப் பிடித்தது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 93 விழுக்காட்டைத் தாண்டியது. ஹாட்ச்கின் நோயில் மேலங்கிப் புலம் கைவிடப்பட்டு, நோயுற்ற கணுக்களுக்கு மட்டும் குறைந்த அளவு அளிக்கப்படுகிறது. மருந்துக்கு விரைவில் இணங்கும் குழந்தைகளுக்கு அதுவும் விடப்படுகிறது. மூளைக் கட்டிகளுக்குக் கதிர்வீச்சை விட இயலாத நிலையில், கட்டியைத் தாண்டி அப்பால் செல்லாத புரோட்டான் கற்றைகள் வசதியுள்ள இடங்களில் பயன்படுகின்றன.

தம் குழந்தைக்கு இச்சிகிச்சை வேண்டுமா என இன்று தயங்கும் பெற்றோர், 1970-களின் எண்களைக் கொண்டு முடிவெடுத்தல் தவறாகும். சிகிச்சையின்றி விடப்படும் நோய் குழந்தையைக் கொன்றுவிடும். இரண்டாம் புற்றுநோய் சிலருக்கு மட்டுமே, பல ஆண்டுகள் கழித்து வருவது.

கண்காணிப்பு

அமெரிக்காவின் குழந்தைகள் புற்றியல் குழுமம் 2003-ல் நெடுங்காலப் பின்தொடர்வுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, அவ்வப்போது திருத்தி வருகிறது. அதன்படி, மார்புக்கு 10 கிரே அல்லது அதற்கு மேல் பெற்ற பெண்கள் 25 வயதிலிருந்தோ, கதிர்வீச்சு முடிந்த எட்டாம் ஆண்டிலிருந்தோ, எது பின்னர் வருகிறதோ அப்போது தொடங்கி, ஆண்டுதோறும் மேமோகிராமும் எம்.ஆர்.ஐ. படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொதுப் பெண்களுக்கு இச்சோதனை நாற்பது வயதுக்குப் பின்னரே பரிந்துரைக்கப்படுகிறது. வயிற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றோர் 30 வயது முதல் பெருங்குடல் சோதனையைத் தொடங்குகின்றனர். கதிர்வீச்சு பட்ட தோலும் தைராய்டும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரால் பார்க்கப்பட வேண்டும். புகையிலையை விலக்குதல், வெயிலிலிருந்து தோலைக் காத்தல், பாப்பிலோமா தீநுண்மத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் ஆகியன பிறரைவிட இவர்களுக்கு இன்றியமையாதவை.

முன்கூட்டியே கண்டறிதலுக்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. இரண்டாம் முறை மருத்துவம் செய்யும்போது வழிகள் குறுகிவிடுகின்றன. மார்பில் ஏற்கெனவே முழு அளவு கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்கு மீண்டும் அங்குக் கதிர்வீச்சு அளிப்பது கடினம். எனவே கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளிக்கும் முறை பெரும்பாலும் இயலாமற்போய், மார்பகம் முழுவதும் அகற்றப்படுகிறது. இதயம் தாங்கும் ஆந்த்ராசைக்ளின் அளவின் பெரும்பகுதியும் சிறுவயதிலேயே செலவாகியிருக்கும்.

நடைமுறை இதற்குத் தொலைவில் உள்ளது. 2009-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், மார்புக் கதிர்வீச்சு பெற்ற 25 முதல் 39 வயதுவரையான பெண்களுள் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் முந்தைய ஈராண்டுகளில் மேமோகிராம் எடுத்திருக்கவில்லை. அதற்கு முன் 2002-ல் 635 பேரிடம் கேட்டபோது, பழைய சிகிச்சையால் பின்னாளில் கடும் உடல்நலக் கேடு வரக்கூடும் என அறிந்திருந்தோர் 35 விழுக்காட்டினரே. சிகிச்சை பெற்றபோது அவர்கள் குழந்தைகள். பெற்றோர் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. மணப்பேச்சுக்கு இடையூறாகும் என நம் குடும்பங்களில் மறைப்பதும் உண்டு. பெற்றோரின் காலத்திற்குப் பின் அச்செய்தி எவரிடமும் இராமற்போகிறது.

சிகிச்சைச் சுருக்கம்

இதன் பொருட்டு, சிகிச்சை முடிந்ததும் ஒரு சுருக்கப் பதிவைக் குடும்பத்தினர் கேட்டுப் பெறுவது நன்று. நோயின் பெயரும் கண்டறிந்த நாளும், மருந்துகள் ஒவ்வொன்றின் பெயரும் மொத்த அளவும், கதிர்வீச்சு செலுத்தப்பட்ட பகுதியும் கிரே அளவும், அறுவைகள், மஜ்ஜை மாற்றம், மரபணுச் சோதனை முடிவு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ஐரோப்பாவில் இது உயிர்பிழைத்தோர் கடவுச்சீட்டு என்னும் பெயரில் மின்னணு ஆவணமாக வழங்கப்படுகிறது. இந்தியாவில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடித்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கென 1991-ல் தனிப் பிரிவு தொடங்கியது.

பதிவுகள் அழிந்துபோன நிலையிலும் சிலவற்றை மீட்டறிய இயலும். நோயின் வகையும், சிகிச்சை பெற்ற ஆண்டும், மருத்துவமனையும் தெரிந்தால், அக்காலத்தில் அங்குப் பின்பற்றப்பட்ட திட்டத்திலிருந்து மருந்துகளை ஓரளவு ஊகிக்கலாம். மார்பின் மேற்பகுதியில் உள்ள சிறு தழும்பு, மருந்து செலுத்தக் குழாய் பொருத்தப்பட்டிருந்ததைக் காட்டும். கதிர்வீச்சை ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் செலுத்துவதற்காகத் தோலில் பச்சை குத்தப்பட்ட கடுகளவுப் புள்ளிகள் பலரிடம் இன்றும் மறையாமல் உள்ளன. அவற்றை இணைத்துப் பார்த்தால் புலத்தின் எல்லை தெரியும்.